நம் தெருவுக்கு நான் வைத்த விலை

கண்ணு,

நேற்று மத்தியானம் நீ போனில் சொன்னதற்கெல்லாம் "சரி சாமி, சரி சாமி" என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். உங்கம்மா ஸ்பீக்கரைப் போட்டுப் போனைச் சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். சென்னியப்பன் மாமா வீட்டை வாங்கப் போகிறாய், வருகிற புதன்கிழமை நல்ல முகூர்த்தம், பெங்களூரிலிருந்து நேரே வந்து அட்வான்ஸ் கொடுத்துவிடுவாய், பேங்கில் இருபது வருஷத்துக்குக் கடன் பேசியாகிவிட்டது. எங்களுக்கு வயசாகிறது, பக்கத்திலேயே ஒரு வீடு இருந்தால் வந்து போக வசதி என்றாய். அதுவரைக்கும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு, "ரேட்டைப் பத்திக் கவலையே வேண்டாம்ப்பா. சதுரடி ரெண்டாயிரத்து இருநூறு. எட்டு வருசத்துக்கு முந்தி நீங்க வித்த அதே ரேட்டு. அதுக்கு மேல மாமா ஒரு ரூபா கேக்கலை" என்றாய். எனக்குப் பிசைந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது. உங்கம்மா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

நான் அந்த விலைக்கு விற்கவில்லை. சதுரடி ஆயிரத்து நானூறுக்கு விற்றேன். இரண்டாயிரத்து இருநூறு என்பது நான் ஊருக்குச் சொன்ன பொய். அந்தப் பொய்க்குத்தான் நீ இருபது வருஷம் கடன் கட்டப் போகிறாய்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். முப்பது வருஷம் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டிங் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசியவன் நான். நேற்று எனக்கு வாய் எழவில்லை. அதனால் உன் பழைய பரீட்சை நோட்டு ஒன்றில் மீதியிருந்த தாள்களில் எழுதுகிறேன். உங்கம்மா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். எல்லாப் பக்கத்திலும் அவள் கட்டைவிரல் விழுந்திருக்கும், பொறுத்துக்கொள். நீ மட்டும் படிப்பதற்கும் இதை எழுதவில்லை. நம் தெருக்காரர்கள் எல்லோரும் இருக்கிற அந்த வாட்ஸ்அப் குழுவிலும் இதைப் போடப் போகிறேன். "மகனுக்கு எழுதறது செரி, ஊருக்கு எதுக்குங்க?" என்று அவள் கேட்டாள். ஊருக்குச் சொன்னதை ஊருக்குத்தானே திருத்திச் சொல்ல வேண்டும்.

நாமக்கல்லில் நம் தெரு எப்படி வீங்கியது என்பது உனக்கும் தெரியும், நீ அந்த வீக்கத்துக்கு நடுவில்தான் பிளஸ் டூ படித்தாய். ஊரைச் சுற்றிலும் பள்ளிக்கூடங்கள். பிள்ளையை டாக்டராக்க வேண்டும், இன்ஜினீயராக்க வேண்டும் என்று ராமநாதபுரத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் பொம்பளைகள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். இரண்டு வருஷம் புருஷனை ஊரில் விட்டுவிட்டு, ஒரு அறையும் ஒரு அடுப்பும் எடுத்துக்கொண்டு, பிள்ளைக்குச் சமைத்துப் போட்டபடி உட்கார்ந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை புருஷன்காரன் அரிசி மூட்டையோடு பஸ் ஏறி வருவான். வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது தண்ணீர் வருமா என்றல்ல, பிள்ளை படிக்க மேஜை போட இடம் இருக்குமா என்றுதான். சென்னியப்பன் மாமாதான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஜன்னலுக்குக் கீழே சுவரோடு சேர்த்து ஒரு கான்கிரீட் பலகை வார்த்துவிட்டார். மேஜையும் ஆச்சு, உடைகிற வேலையும் இல்லை. அதைப் பார்த்து நானும் வார்த்தேன், எதிர் வீட்டிலும் வார்த்தார்கள். ஒரே வருஷத்தில் நம் தெரு முழுக்கக் கான்கிரீட் மேஜைதான்.

அப்போது எங்களுக்கு வந்த கிறுக்கை என்னவென்று சொல்வது. மாட்டுக் கொட்டகையை இடித்தவன் உண்டு. கார் நிறுத்துகிற இடத்தைச் சுவர் வைத்து அடைத்தவன் உண்டு. நம் வீட்டுக்குப் பக்கத்து இடத்தில் நான் ஆறு போர்ஷன் கட்டினேன். மாமா தன் வீட்டு மாடியில் நாலு கட்டினார். ஒருத்தருக்கும் ஒரு குடும்பம் குடியிருக்கிற மாதிரி வீடு கட்டத் தோன்றவில்லை. கட்டில் போட்டால் கதவு திறக்காது. சாமி படம் வைக்க ஒரு மாடம் கிடையாது. ஆறு போர்ஷனுக்கு இரண்டு கக்கூஸ். இரண்டு வருஷத்தில் போகிறவர்களுக்கு இது போதும் என்று கட்டினோம். அவர்கள் வருவது நிற்கும் என்று எங்களில் ஒருவனும் நினைக்கவில்லை. காலையில் டீக்கடையில் "இன்னிக்கு என்ன ரேட்டுங்க" என்று தங்கம் விலை கேட்கிற மாதிரி இடத்தின் விலையைக் கேட்போம்.

பிறகு டாக்டர் படிப்புக்குத் தனியாக ஒரு நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ மார்க்குக்கு இருந்த மவுசு இறங்கியது. முதல் வருஷம் ஜூன் மாதம் நம் ஆறு போர்ஷனில் இரண்டு காலி. அடுத்த ஜூனில் நாலு காலி. பள்ளிக்கூடம் திறந்து பதினைந்து நாள் ஆகியும் யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. அந்தச் சமயத்தில்தான் உன் தங்கச்சிக்குத் திருச்செங்கோட்டிலிருந்து சம்பந்தம் வந்தது. கையில் காசு வேண்டும். போர்ஷன் வீட்டை விற்பது என்று முடிவு செய்தேன். மூன்று மாதத்தில் வந்தது ஒரே ஒரு ஆள். மேட்டூரில் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். "கட்டடத்துக்கு ஒண்ணும் தர மாட்டேன், இடிக்கறதுக்கே எனக்குச் செலவு, எடத்துக்கு மட்டும் சதுரடி ஆயிரத்து நானூறு" என்றார். ஆறு போர்ஷன், ஆறு கான்கிரீட் மேஜை, அத்தனைக்கும் சல்லிக்காசு இல்லை. முனகிக்கொண்டே கொடுத்தேன்.

நிச்சயம் பேச நம் வீட்டில் இருபது பேர் கூடியிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ பலகாரத் தட்டு எடுத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தாய். மாப்பிள்ளை வீட்டார் போர் போடுகிற ரிக் வண்டி வைத்திருப்பவர்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா மைசூர்பாகைக் கடித்துக்கொண்டே, "ஏனுங்க, எடத்தக் குடுத்துட்டீங்களாமா, என்ன ரேட்டுக்குங்க முடிச்சீங்க?" என்று கேட்டார். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார். ஆயிரத்து நானூறு என்றால், கஷ்டத்துக்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டான் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். "ரெண்டாயிரத்து இருநூறுங்க" என்றேன். "பரவால்லீங்களே" என்று அவர் இன்னொரு மைசூர்பாகு எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

அன்று சாயங்காலமே அது டீக்கடைக்குப் போய்விட்டது. மறுநாள் நான் கடைக்குப் போனபோது எனக்கு முன்னாலேயே என் விலை அங்கே உட்கார்ந்திருந்தது. "கடைசியில நம்ம தெருவுக்கும் ஒரு மரியாத வந்துருச்சுங்க" என்றார் ஒருவர். நான் மறுத்திருக்கலாம். டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு வந்தேன். வாங்கிய மேட்டூர்க்காரர் இன்னும் குடி வரவில்லை, பத்திரத்தைப் பார்த்துச் சரிபார்க்கவும் வழியில்லை. ஏனென்றால் எல்லோரையும் போல நானும் பத்திரத்தில் அரசாங்க மதிப்பை மட்டும் எழுதிப் பதிந்திருந்தேன். அதுவும் ஒரு தப்பு. நம் ஊரில் ஒரு வீட்டுக்கு மூன்று விலை, கண்ணு. பத்திரத்தில் ஒன்று, கையில் ஒன்று, வாயில் ஒன்று. மூன்றிலும் வாயில் சொன்னதைத்தான் நம் தெரு பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நம் தெருவில் ஒரு வீடுகூட விற்கவில்லை. வருகிறவர்கள் ஆயிரத்து ஐந்நூறு, அறுநூறு என்பார்கள். விற்கிறவர்கள், "அவரே ரெண்டாயிரத்து இருநூறுக்குக் குடுத்தாருங்க, எங்களுது மட்டும் என்ன சொத்தையா" என்பார்கள். வந்தவர்கள் திருச்சி ரோட்டுப் பக்கம் புது மனை பார்க்கப் போய்விடுவார்கள். அங்கே அகலமாக ரோடு போட்டிருக்கிறான், கார் நிறுத்த இடம் இருக்கிறது, இரண்டு படுக்கை அறை. பஸ் ஸ்டாண்டும் ஊருக்கு வெளியே போன பிறகு ஊரே வெளிப்பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. நம் தெருவில் பூட்டுகள்தான் கூடின. ஒரு வீட்டின் விலை கீழே விழுந்தால்கூடச் சமாளித்துக்கொள்ளலாம். விழுந்த விலையை விழவில்லை என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வீட்டுக்காரன் எங்கேயும் நகர முடியாது.

இதுவரைக்கும் எழுதியதுகூடப் பெருமைக்காரன் ஒருவன் உளறியது என்று நீ மன்னித்துவிடலாம். அடுத்தது அப்படியல்ல.

அதற்கு அடுத்த வருஷம் சென்னியப்பன் மாமாவுக்கு ஒரு ஆள் வந்தார். ராசிபுரத்துப் பக்கம் மாட்டு டாக்டர். சதுரடி ஆயிரத்து ஐந்நூறு தருகிறேன் என்றார், மொத்தப் பணமும் ஒரே தவணையில். மாமாவுக்கு அப்போது பரமத்தி வேலூரில் வாய்க்காலோரம் இரண்டு ஏக்கர் வெற்றிலைத் தோட்டம் விலைக்கு வந்திருந்தது. அந்தத் தோட்டத்தைப் பற்றிப் பேசினால் அந்த மனுஷன் சாப்பிடக்கூட மறந்துவிடுவார். வீட்டை விற்றால் தோட்டம் வாங்கலாம். அவர் யாரிடமும் யோசனை கேட்காமல் நேரே பட்டறைக்கு வந்தார். நான் ஒரு லாரியின் பக்கப் பலகைக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தேன். "மச்சான், ஆயிரத்து ஐந்நூறு சொல்றாங்க. ஊட்டுல அவளும் குடுத்தறலாங்கறா. நீங்க ரெண்டாயிரத்து இருநூறுக்குக் குடுத்தீங்க, அதான் மனசு வரலை. நீங்க சொன்னாச் செரீங்க" என்றார்.

வேறு யாரும் கேட்காத இடம். இரண்டே பேர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "அவசரப்படாதீங்க மச்சான்" என்றேன். சொல்லிவிட்டுத் துளை போடுகிற மெஷினை மறுபடி ஓட்டினேன், அவர் மேற்கொண்டு எதுவும் கேட்டுவிடக் கூடாது என்று.

மாட்டு டாக்டர் வேறு இடம் வாங்கிவிட்டார். தோட்டத்தைக் கரூர்க்காரர் ஒருவர் வாங்கினார். மாமாவுக்கு அதற்குப் பிறகு உருப்படியாக ஒரு ஆள் வரவில்லை, நீ வருகிற வரைக்கும்.

உனக்கு ஒன்பது வயது இருக்கும்போது நடந்த ஒன்றும் நேற்றிலிருந்து என்னைப் போட்டுக் குடைகிறது. லீவு நாளில் பட்டறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். ஒரு பழைய லாரியின் கேபினில் துருப்பிடித்த ஓட்டையின் மேல் பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். "அப்பா, உள்ள ஓட்டை இருக்குதுன்னு வண்டிக்காரருக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டாய். வண்டிக்காரர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். எல்லார் முன்னாலும் உன் முதுகில் ஒன்று வைத்தேன். நீ அழவில்லை, என்னைப் பார்த்தாய். அதற்குப் பிறகு பட்டறைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாய். அந்த அடிக்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். நீ கேட்டது சரியான கேள்வி. வீடு வாங்கப் போகிறபோது அதை ஏன் என்னிடமே கேட்காமல் விட்டாய் என்று எனக்குக் கோபம்கூட வருகிறது, பார்.

இனிமேலாவது கேள். நீ இந்த வீடு வாங்கினாலும் வேறு வீடு வாங்கினாலும், விலை கேட்பதற்கு முன்னால் கரண்ட் மீட்டர் பெட்டியைத் திறந்து பார். எத்தனை மீட்டர் ஓடுகிறது, எத்தனை நின்றிருக்கிறது என்று எண்ணு. மீட்டருக்குக் கௌரவம் கிடையாது, உள்ளதைக் காட்டும். அந்தத் தெருவில் குடியிருக்கிறவன் இப்போது என்ன வாடகை தருகிறான் என்று அவன் வாயாலேயே கேள், வீட்டுக்காரன் வாயால் கேட்காதே. வாடகைக்குக் கேட்க ஆளில்லாத தெருவில் விலை மட்டும் ஏறியிருந்தால், எவனோ என்னைப் போல ஒருத்தன் சம்பந்தி முன்னால் வாயை விட்டிருக்கிறான் என்று அர்த்தம். பகல் பதினோரு மணிக்கு ஒரு தரம் தெருவில் நடந்து பார். எத்தனை கதவில் பூட்டு, எத்தனை வாசலில் கோலம் என்று தெரியும். பெங்களூர்க்காரன் என்றதும் எல்லோரும் உன்னிடம், எடம் என்னைக்குமே ஏறுமுகம்தாங்க என்பார்கள். இடம் ஏறும், கண்ணு. அதன் மேல் நாங்கள் கட்டி வைத்திருக்கிற பொந்துகள் ஏறாது.

நேற்று நீ போனை வைத்த பிறகு உங்கம்மா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரியும். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, "ஊருக்குச் சொன்ன பொய்யி கடைசியில நம்ம ஊட்டுக்கே வந்து நிக்குது பாத்தீங்களா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது.

உன் தங்கச்சிக்கும் சாயங்காலம் போன் போட்டேன். இது வெளியே வந்தால் அவளுடைய மாமியார் வீட்டுக்கும் தெரியும், அவளிடம் சொல்லாமல் செய்யக் கூடாது இல்லையா. "உங்கல்யாணத்துக்காகத்தான், தங்கம், அன்னிக்கு அப்படிச் சொல்லிப்போட்டேன்" என்றேன். "எழுதுங்கப்பா. ஆனா எங்கல்யாணத்துக்காகன்னு எழுதாதீங்க. உங்க கௌரவத்துக்காகச் சொன்னீங்க, அப்படியே எழுதுங்க. ஆயிரத்து நானூறுன்னு சொல்லியிருந்தாலும் எங்க ஊட்ல என்னைக் கட்டியிருப்பாங்க" என்றாள். அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். என் கௌரவத்துக்காகச் சொன்னேன்.

இப்போது காலை ஆறு மணி. இதை இங்கே நிறுத்திவிட்டு மாமா வீட்டுக்குப் போகிறேன். ஊருக்குப் போடுவதற்கு முன்னால் அவரிடம் என் வாயால் சொல்ல வேண்டும். மீதியை வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். மணி எட்டு. உங்கம்மா தோசை ஊற்றட்டுமா என்றாள், வேண்டாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா எங்கே இருப்பார் என்று தெருவுக்கே தெரியும். மாடியில் நாலு போர்ஷனையும் திறந்து, கூட்டிப் பெருக்கி, குழாய் எல்லாவற்றையும் ஐந்து நிமிஷம் திறந்து விடுவார். விடாவிட்டால் துருப்பிடித்து இறுகிவிடும். நான் படியேறும்போது ஆளில்லாத நாலு வீட்டிலும் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க மச்சான். பையன் பேசினானுங்களா? புதன்கெழம வாரேன்னு சொல்லியிருக்கான். நேத்திருந்து எனக்குக் காலு தரையில நிக்கலீங்க" என்றார். ஏற்கெனவே சாவிக்கொத்தைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார், உன்னிடம் கொடுக்க.

"மச்சான், ஒண்ணு சொல்லோணும். குறுக்க பேசாமக் கேட்டுப்போடுங்க" என்று ஆரம்பித்தேன். "எங்க எடத்த நான் ரெண்டாயிரத்து இருநூறுக்குக் குடுக்கலீங்க. ஆயிரத்து நானூறுதான். நீங்க பட்டறைக்கு வந்து கேட்டப்பவும் தெரிஞ்சே மறைச்சுப்போட்டேன்."

அவர் போய்க் குழாயை மூடினார். அடுத்த போர்ஷனுக்குப் போய் அதையும் மூடினார். நாலையும் மூடிவிட்டு வந்து, தான் வார்த்த அந்தக் கான்கிரீட் மேஜையின் மேலேயே உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

"மேட்டூர்க்காரரு எங்கிட்டச் சொன்னாருங்க" என்றார். "புது ஊடு கட்டிக் குடி வந்தன்னிக்கே சொன்னாரு, ஆயிரத்து நானூறுக்குத்தான் முடிச்சேன்னு. நான் நம்புலீங்க. வெளியூர்க்காரன், எதுக்கோ பயந்துட்டுக் கொறச்சுச் சொல்றான்னு நெனச்சேன். நம்ம மச்சான் நம்மகிட்டப் பொய் சொல்லுவாரான்னு உட்டுட்டேன்."

அறுபத்தேழு வயதில், வெறும் அறையில், தலை குனிந்து நின்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதற்குள் சரஸ்வதி அத்தை இரண்டு டம்ளர் காப்பியோடு வந்து கதவோரம் நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. ஒரு டம்ளரைப் புருஷன் பக்கத்தில் வைத்தாள். இன்னொன்றையும் அங்கேயே வைத்தாள். இதைத் தெருவுக்கும் சொல்லப் போகிறேன் என்று நான் சொன்னபோதுதான் அவள் வாயைத் திறந்தாள். "வேண்டாமுங்கண்ணா. எங்களுது போனது போவட்டும். எதுத்த ஊட்டுல மக கல்யாணத்துக்கு இந்த வெலய நம்பித்தான் உக்காந்திருக்காங்க. தெருவே கீழ எறங்கிப் போயிருமுங்க" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நம் தெருவில் பத்துப் பேர் என் மேல் காறித் துப்புவார்கள், அது எனக்குத் தெரியும். ஆனாலும், "அம்மிணி, அவங்க இந்த வெலயச் சொல்லி ஆருக்கு விப்பாங்க? வாங்க வர்றவனும் ஆரோ பெத்த பையன்தானே. எம்பையன்ங்கறதாலதான் எனக்கு நேத்து சோறு எறங்கலை. இன்னொருத்தர் பையன்னா இந்நேரம் தூங்கியிருப்பேன்" என்றேன். நான் முடிவை மாற்றவில்லை. தெரு கீழே இறங்கி எட்டு வருஷம் ஆகிறது, நாங்கள்தான் மேலேயே நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். இறங்கிவிட்டால் எதிர் வீட்டுக்காரரும் வருகிற விலைக்குக் கொடுத்து மகளைக் கட்டிக்கொடுக்கலாம்.

ஆகவே கண்ணு, புதன்கிழமை வா. அட்வான்ஸை மட்டும் அவசரப்பட்டுக் கொடுக்காதே. வாங்குவதா வேண்டாமா என்று நீயும் உன் வீட்டுக்காரியும் முடிவு செய்யுங்கள். வாங்குவதாக இருந்தால் நான் சொல்வது இரண்டுதான். ஒன்று, என் பொய் வெளியே வந்துவிட்டது என்பதை வைத்து அவரை அழுத்தாதே. ஆயிரத்து நானூறுதானே என்று ஆயிரத்து இருநூறுக்குக் கேட்டால் நீ என் மகனாகத்தான் இருப்பாய், அது எனக்கு வேண்டாம். அவர் மனசு விட்டுப்போய்க் குறைத்துச் சொன்னாலும் நீ ஏற்றிக் கொடு. அன்றைக்கு மாட்டு டாக்டர் கொடுக்க வந்ததற்குக் கீழே போகாதே. அந்தத் தோட்டத்தை நம்மால் திருப்பிக் கொடுக்க முடியாது, இதையாவது செய்.

இன்னொன்று, கொடுக்கிற விலை எதுவோ அதை ஒரு ரூபாய் குறையாமல் பத்திரத்தில் எழுது. முத்திரைச் செலவு கூடும். கூடட்டும். பத்திரம் எழுதுகிறவர், "எதுக்குங்க வீணா, எல்லாரும் இப்படித்தானுங்க" என்று சிரிப்பார். சிரிக்கட்டும். நம் தெருவில் இருக்கிற அத்தனை பத்திரத்திலும் உண்மை விலை எழுதிய பத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. உன்னுடையது முதலாவதாக இருக்கட்டும். நாளைக்கு எதிர் வீட்டுக்காரர் என்ன விலை சொல்லலாம் என்று கேட்டு வந்தால், ஒன்றும் பேசாமல் அதை எடுத்துக் காட்டலாம்.

மாமா கடைசியாகச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். நான் படியிறங்கத் திரும்பியபோது பின்னாலிருந்து கூப்பிட்டார். "மச்சான், பையனை வரச் சொல்லுங்க. புதன்கெழமயே வரட்டும். வெல என்னன்னு அவனும் நானும் பேசிக்கறோமுங்க" என்றார். சரி என்றேன். பிறகு, அதே மரியாதையோடு, குரலை உயர்த்தாமல், "பேசறப்ப நீங்க மட்டும் வர வேண்டாமுங்க" என்றார்.

நம் பக்கத்தில் அப்பன் உயிரோடு இருக்கும்போது மகன் தனியாகப் போய் வீட்டுக்கு விலை பேசுவது கிடையாது. நீ தனியாகத்தான் போக வேண்டும். துணைக்கு உங்கம்மாவைக் கூட்டிக்கொள், அவளை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாராவது அப்பா எங்கே என்று கேட்டால் காரணத்தை மறைக்காமல் சொல். நான் வீட்டில் இருப்பேன். என்ன முடிந்தது என்று ஓடிவந்து என்னிடம் சொல்லாதே. பதிவு முடிந்த பிறகு பத்திரத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடு. விலையை நான் அதில் படித்துக்கொள்கிறேன்.

அப்பா